வெயில் எண்ணும் வயது

கிழக்கிலங்கையின் அட்டாளைச்சேனையில் ஒரு வளவுக் கோழி காலை ஏழு மணிக்கு முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கிறதென்றால், அந்த முட்டையின் வேலை முந்தின நாள் விடியும்போதே தொடங்கிவிட்டது. மஞ்சட்கரு சூலகத்தை விட்டுக் கழன்று முட்டைக்குழாயின் வாய்க்குள் விழுகிறது. சேவலோடு திரியும் கோழியென்றால் கரு தரிப்பதும் அந்த இடத்தில்தான். இறங்கும் வழியில் மூன்று மணித்தியாலத்துக்குள் வெள்ளைக்கரு அதைச் சுற்றிப் படியும். அடுத்த ஒன்றேகால் மணித்தியாலத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தும். மிச்சமுள்ள இருபது மணித்தியாலமும் கோது கட்டுவதற்கே போகும். 60 கிராம் முட்டையில் கோது ஐந்தாறு கிராம்தான். ஆனால் கோழிக்கு ஆகும் பெரிய செலவு அதுதான். இரண்டு கிராம் அளவு கல்சியம் அதற்கு வேண்டும். தீனியில் போதாததைக் கோழி தன் எலும்பிலிருந்து உருவிக் கொடுக்கிறது.

முட்டைக்கு வெயில் படத் தொடங்குவதும் இங்கேதான். கச்சான் வீசும் மாதங்களில், வெட்டி முடிந்த வயல்களைக் கடந்து வரும் அந்தக் காய்ந்த காற்றில், மத்தியானக் கோழியைப் பாருங்கள்: மர நிழலில் செட்டையை அகட்டி, அலகைத் திறந்து இரைத்துக்கொண்டு நிற்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். இரைக்க இரைக்க அதன் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைந்துபோகும். கோது என்பது கல்சியம் காபனேற்று. அந்தக் காபனேற்றைக் கட்டுவதற்குத் தேவையானதே மூச்சோடு போய்விடுகிறது. வெக்கை கூடிய நாட்களில் கோது மெலிந்த முட்டைகள் கூடுவதற்கும், கையில் எடுக்கும்போதே விரிசல் விழுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம். இதற்குப் பரிகாரம் குளிர்ந்த தண்ணீர், நிழல், பின்னேரத் தீனியோடு நொறுக்கிய சிப்பி. கடற்கரை ஊரில் சிப்பிக்குப் பஞ்சமில்லை. கோது கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடப்பதால் பின்னேரம் கொடுக்கும் சிப்பிதான் நேரத்துக்கு உதவும்.

முட்டை வெளியே விழும்போது கோழியின் உடம்புச் சூட்டில், ஏறத்தாழ 41 பாகையில், ஈரமாக இருக்கும். அந்த ஈரம் சில நிமிடத்தில் காய்ந்து கோதின் மேல் ஒரு மெல்லிய படலமாகிவிடும். கோதில் ஏழாயிரத்திலிருந்து பதினேழாயிரம் வரை நுண்துளைகள் உண்டு. குஞ்சு மூச்சுவிடுவதற்கான வழிகள் அவை. கிருமி உள்ளே போகாமல் அவற்றின் வாயை மூடிவைப்பது இந்தப் படலம். முட்டை ஆற ஆற உள்ளிருப்பது சுருங்கும். பருத்த முனைப்பக்கம் இரண்டு சவ்வும் விலகி, நடுவில் சின்னதாய் ஒரு காற்றறை உண்டாகும். முட்டையின் வயதை வெளியிலிருந்து சொல்லக்கூடிய அடையாளம் அந்த அறைதான். பிறந்த நேரம் தொட்டு அது பெரிதாகிக்கொண்டே போகும், ஒருபோதும் சிறுக்காது.

இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வளவுக்குள்ளேயே இருப்பது. ஊர்க்கோழி ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து முட்டை இட்டு, பிறகு அடைக்குக் கிடக்கும். வீட்டுப் பெண் தினமும் ஒரு முட்டையை எடுத்து, கூட்டில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மற்றதை அரிசிப் பானையிலோ உமிப் பெட்டியிலோ சேர்ப்பாள். பத்துச் சேர்ந்தால் பக்கத்துக் கடைக்குப் போகும், அல்லது பிள்ளை பெற்ற வீட்டுக்கோ நோயாளி இருக்கும் வீட்டுக்கோ போகும். மற்றப் பாதை நீளமானது. நாட்டின் பெரிய கோழிப் பண்ணைகள் குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கம் அடர்ந்திருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் முட்டை, முப்பது முப்பதாகத் தட்டில் அடுக்கப்பட்டு, தீவின் குறுக்கே லொறியில் வந்து, கல்முனை, அக்கரைப்பற்று மொத்தக் கடைகளில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவிலும் சைக்கிளிலும் பிரதான வீதிக் கடைகளுக்கும் உள்வீதிக் கடைகளுக்கும் பிரியும். நம் பக்கத்திலும் முட்டைக்கென்றே லேயர் கோழி வளர்ப்போர் இருக்கிறார்கள். அவர்களது முட்டைக்குத் தூரம் குறைவு.

கேட்டால் ஊர்க்கோழி முட்டைதான் புதுசு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ருசியைப் பற்றியோ அந்தக் கோழியின் திரிந்து மேய்ந்த வாழ்வைப் பற்றியோ எனக்கு மறுப்பில்லை. ஆனால் முட்டையின் வயதை நாட்காட்டி மட்டும் காட்டாது. சாதாரண அறைச் சூட்டில் ஒரு நாள் கிடக்கும் முட்டை, குளிரில் ஒரு வாரம் கிடப்பதைவிடக் கூடக் கெடும் என்பது முட்டை வணிகத்தில் பழைய கணக்கு. அட்டாளைச்சேனையின் அறைச் சூடு கோடையில் முப்பதுக்கு மேல். பானையின் அடியில் பத்து நாள் காத்திருந்த வளவு முட்டை, இட்ட மூன்றாம் நாளே லொறியில் வந்த முட்டையைவிட மூத்ததாக இருக்கக்கூடும். அந்த லொறி பகல் முழுக்கத் தார்ப்பாயின் கீழ் வெந்திருந்தால் கதை மாறும். யாருடைய கை, எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்ற மூன்றும் சேர்ந்துதான் வயது.

வளவு முட்டைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் உயிர் இருக்கிறது. அந்த உயிர் வளர்வதற்கு அடைக்கோழியின் 37, 38 பாகைச் சூடு முழுதாய் வேண்டும். ஆனால் இருபது பாகையைக் கொஞ்சம் தாண்டினாலே மெல்ல அசையத் தொடங்கிவிடும். கோடையில் எங்கள் சமையலறைப் பானையில் முப்பது பாகை எப்போதும் இருக்கிறது. கரு பாதி வளர்ந்து, சூடு போதாமல் நின்று, செத்துப் போகும். அதற்குப் பிறகு அந்த முட்டை விரைவில் அழுகும். கூழ்முட்டைகளில் பல இப்படி உண்டாகின்றவை. 1910களில் அமெரிக்க வேளாண்மைத் துறை இதைக் கண்டு, குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் சேவலை விற்றுவிடுங்கள் அல்லது பிரித்துவையுங்கள் என்று விவசாயிகளிடம் பெரிய பிரசாரமே நடத்தியது. பொரிக்க வேண்டிய முட்டைக்குச் சேவல் வேண்டும். விற்கிற முட்டைக்கு வேண்டாம். சேவல் இல்லாவிட்டாலும் கோழி முட்டையிடும் என்பதை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. லேயர் பண்ணை முழுவதும் அதற்குச் சாட்சி.

சேர்த்துவைக்கும் நாட்களில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதலாவது, கழுவாதிருப்பது. எச்சம் பட்ட முட்டையைக் கண்டதும் கிணற்றடிக்கு எடுத்துப் போகத்தான் கை துடிக்கும். கழுவினால் அந்தப் படலம் போய்விடும். அதைவிடக் கெடுதி, குளிர்ந்த தண்ணீரில் கழுவுவது: முட்டை உள்ளே சுருங்கும், அந்த இழுப்பில் கோதின் மேலிருந்த அழுக்குத் தண்ணீர் துளை வழியே உள்ளே போகும். கழுவியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் முட்டையைவிடச் சூடாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கடை முட்டைகளைக் கழுவி, உடனே குளிரில் ஏற்றி, வீடு வரை குளிரிலேயே கொண்டுபோகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல்தர முட்டையைக் கழுவுவதற்கே தடை. படலத்தோடு விற்று, இட்ட நாளிலிருந்து 28 நாள் என்று திகதி குத்துகிறார்கள். இரண்டும் தத்தம் அளவில் ஒழுங்கான முறைகள். கழுவிவிட்டு வெயிலில் அடுக்கிவைப்பது இரண்டிலும் சேராது. உலர்ந்த துணியாலோ தேங்காய்த் தும்பாலோ துடைத்துவிட்டு, எடுத்துவைத்தால் போதும். அதிகம் அழுக்கான முட்டையை அன்றே சமையலுக்கு எடுத்துவிட வேண்டும். எங்கள் வீடுகளில் உடைப்பதற்குச் சற்று முன் முட்டையைக் கழுவும் வழக்கம் இருக்கிறது. எச்சத்தின் அசுத்தம் சட்டியில் சேரக் கூடாதென்பதற்காக. அதுவே கழுவுவதற்குச் சரியான நேரமும்.

இரண்டாவது, பருத்த முனை மேலே பார்த்திருக்க வைப்பது. காற்றறை மேலேயும் மஞ்சட்கரு நடுவிலும் நிற்கும். மூன்றாவது குளிர்ச்சி. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணலுக்குள் பாதி புதைத்த மண்பானை நல்ல உதவி. மணல் ஈரம் காயக் காயப் பானைக்குள் சூடு இறங்கும். முட்டையில் ஈரம் படக் கூடாது, பானைக்குள் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். உமிக்குள் வைப்பதால் முட்டை உடையாது, சூடும் சட்டென்று ஏறி இறங்காது. ஆனால் உமி குளிர்ச்சி தருவதில்லை. மாரியில் உமி ஈரம் பிடித்தால் கோதில் பூஞ்சணம் படரும், அப்போது மாற்றிவிட வேண்டும்.

எண்ணெய் பூசுவதையும் சொல்ல வேண்டும். இட்ட அன்றே, சுத்தமான முட்டையில், விரலால் தேங்காய் எண்ணெயைப் பூசினால் நுண்துளைகள் அடைபடும். காபனீரொட்சைட்டும் நீரும் வெளியேறுவது வெகுவாகக் குறையும். அறைச் சூட்டில் வைத்த பூசாத முட்டையைவிடப் பூசியது வாரக்கணக்கில் கூடத் தாங்கும் என்று பல வெப்ப நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் ஐரோப்பிய வீடுகளில் சுண்ணாம்புத் தண்ணீரில் முட்டையை மாதக்கணக்காக மூழ்கவைத்தார்கள். அங்கேயும் துளையை அடைப்பதே நோக்கம். தென்னை நிற்கும் ஊரில் எண்ணெய் முறை ஏன் வழக்கமாகவில்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

ஃபிரிட்ஜ் உள்ள வீட்டிலும் கவனம் வேண்டும். கதவிலிருக்கும் குழிகள் முட்டைக்கென்றே செய்தவை போல் தெரியும். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு படுவது அவற்றில்தான். உள்தட்டில், மூடிய பெட்டியில் வைப்பது நல்லது; கருவாட்டு மணமும் ஏறாது. குளிரிலிருந்து வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கக் கூடாது. குளிர்ந்த கோதின் மேல் நம் கடற்காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும், அந்த ஈரத்தில் கிருமி நீந்திப் போகும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது, எத்தனையோ வீட்டு ஃபிரிட்ஜ்களில் முட்டை இப்படி வியர்த்து வியர்த்துக் காய்ந்தது.

அந்த வருடங்கள் முட்டையின் பாதையையே மாற்றின. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், தீனிக்கு வேண்டிய சோளம் குறைந்தது. அடுத்த வருடம் தீனி இறக்கவும் டொலர் இல்லை. தீனி விலை ஏறியது. பலர் கோழிகளை இறைச்சிக்கு விற்றுவிட்டுக் கூட்டைக் காலியாக்கினார்கள். 2022 ஆகஸ்டில் அரசு வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை போட்டது. 2023 மார்ச்சில் இந்திய முட்டைகள் கப்பலில் வந்தன, முதலில் பேக்கரிகளுக்கென்று. பண்ணை, துறைமுகம், கப்பல், பரிசோதனை, களஞ்சியம் என்று கடந்து வந்த முட்டைகள் அவை.  மாவில் கலக்கிப் போறணையில் வேகும் முட்டைக்குக் கொஞ்சம் மூப்புப் பொறுக்கும், ஆகவே அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே பட்டது.

2023 ஏப்ரலில் உச்ச விலை எண்ணிக்கையிலிருந்து நிறைக்கு மாறியது: கிலோ வெள்ளை முட்டை 880 ரூபா, சிவப்பு 920 ரூபா. பெரிய முட்டை, சின்ன முட்டைச் சண்டை தீர்வதற்காகச் செய்தது. ஆனால் அதில் யாரும் அதிகம் பேசாத ஒரு நியாயம் இருந்தது. முட்டை மூப்படைவதென்றால் நீரை இழப்பது. நீரை இழந்தால் நிறை குறையும். நிறுத்து விற்கும் கடைக்காரருக்கு வெயிலில் வைத்த தட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் காசை ஆவியாக்குகிறது. எண்ணி விற்றால் அந்த இழப்பு வாங்குபவர் தலையில். தராசில் முட்டை ஏறும் வழக்கம் ஊர்க் கடைகளில் நிலைக்கவில்லை. நிலைத்திருக்கலாம்.

கடைக்கு வருவோம். பிரதான வீதிக் கடைகளில் முட்டைத் தட்டுகள் பெரும்பாலும் வாசலோரம், ஆளுக்குத் தெரியும்படி இருக்கும். காலையில் நிழல், பத்து மணிக்கு மேல் வெயில்.

"காக்கா, முட்ட எப்ப வந்த?"

"நேத்து வந்த முட்டதான், தங்கச்சி."

பதில் பொய்யில்லை. லொறி நேற்று வந்தது. கோழி எப்போது இட்டதென்று கடைக்காரக் காக்காவுக்கும் தெரியாது, தட்டில் திகதியும் கிடையாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது: உள்ளே, நிழலில் இருக்கும் தட்டிலிருந்து எடுத்துத் தருவீர்களா? பழைய தட்டின் மேல் புதுத் தட்டை ஏற்றாமல், பழையதை முன்னே தள்ளி விற்பவர்தான் நல்ல கடைக்காரர். தட்டின் ஓரத்தில் பேனாவால் வந்த திகதியை எழுதிவைத்தால் அவருக்கே எத்தனையோ முட்டை மிஞ்சும்.

வீட்டுக்கு வந்த முட்டையைச் சோதிப்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி தண்ணீர். புது முட்டை தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. அடியில் படுத்துக் கிடக்கும். காற்றறை பெருக்கப் பெருக்கப் பருத்த முனை எழும்பும், பிறகு நிமிர்ந்து நிற்கும், கடைசியில் மிதக்கும். நல்ல தண்ணீரில் செய்ய வேண்டும். உப்புக் கரைத்த தண்ணீரில் புது முட்டையும் எழும்பிவிடும். இந்தச் சோதனை சொல்வது ஒன்றைத்தான்: எவ்வளவு நீர் போய்விட்டது என்பதை. மிதப்பதெல்லாம் அழுகியதில்லை, நிமிர்ந்து நிற்பதைத் தூக்கி எறிவது வீண். அடியில் கிடப்பதெல்லாம் கிருமியற்றது என்றும் ஆகாது. எண்ணெய் பூசிய முட்டை நாட்பட்டும் அடியிலேயே கிடக்கும். சோதித்த முட்டை நனைந்துவிட்டதால் அன்றே சமைத்துவிட வேண்டும். தட்டு முழுவதையும் வாளியில் போட்டுப் பார்த்துவிட்டுத் துடைத்து அடுக்குவது, நல்ல முட்டைகளையும் கெடுக்கிற வேலை.

நனைக்காமல் பார்க்க டோர்ச் போதும், கைபேசி வெளிச்சமும் போதும். இருட்டறையில், பருத்த முனையை வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்தால் காற்றறையின் விளிம்பு வட்டமாகத் தெரியும். ஐரோப்பாவில் முதல்தர முட்டைக்கு அதன் ஆழம் 6 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. மெல்லச் சுழற்றினால் புது முட்டையில் மஞ்சளின் நிழல் மங்கலாக நடுவிலேயே நிற்கும். பழையதில் தெளிவாக, ஓரத்துக்கு ஓடும். செந்நூல் போல் கிளைகள் தெரிந்தால் கரு அசைந்திருக்கிறது. முழுக்க இருண்டு கிடந்தால் தொடவே வேண்டாம், வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். வெள்ளைக் கோதில் இது இலேசு, சிவப்பில் கண் பழக வேண்டும்.

உடைத்த பிறகு ஒளிவு மறைவு கிடையாது. புது முட்டையின் வெள்ளை சற்று மங்கலாக இருக்கும், உள்ளே கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டினால். மஞ்சளைச் சுற்றித் தடித்து உயர்ந்து நிற்கும். அந்த வாயு துளை வழியே போகப் போக வெள்ளையின் காரத்தன்மை கூடும், தடிப்பைக் கட்டிவைத்திருந்த புரதக் கட்டு தளரும், வெள்ளை தண்ணீராகித் தட்டு முழுக்க ஓடும். மஞ்சளின் சவ்வும் நீரை வாங்கித் தளர்ந்து, தட்டையாகி, தொட்டால் உடையும். 1937இல் ரேமண்ட் ஹோ என்ற அமெரிக்கர் இந்தத் தடிப்பின் உயரத்தையும் முட்டையின் நிறையையும் சேர்த்து ஓர் அளவுகோல் செய்தார். இன்றும் உலகெங்கும் முட்டையின் தரம் அவர் பெயரால் அளக்கப்படுகிறது. தளர்ந்த சவ்வுக்கு இன்னொரு விளைவும் உண்டு. சல்மொனெல்லா சில வேளை கோழியின் உடம்பிலிருந்தே முட்டைக்குள் வந்துவிடும். புது முட்டையின் வெள்ளையில் அது அதிகம் பெருக முடியாது. சூட்டில் கிடந்து மஞ்சளின் சவ்வு தளர்ந்தால், கசியும் சத்தை உண்டு பெருகும். மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. பழைய முட்டையை வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வேகவைக்கச் சொல்வது இதனால்தான்.

நோன்பு மாதமும் பெருநாளும் வந்தால் ஊரில் முட்டை ஓட்டமாய் ஓடும். வட்டிலாப்பத்துக்கு முட்டைதான் உயிர். வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஏலமும் அதன் பிடிப்பில் நிற்கின்றன. பெரிய சட்டிக்கு உடைக்கும்போது ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்னக் கோப்பையில் உடைத்து, பார்த்து, மணந்து, பிறகே சட்டியில் ஊற்ற வேண்டும். ஒரே ஒரு கூழ்முட்டை அத்தனை பாலையும் வெல்லத்தையும் நாசமாக்கிவிடும். இரத்தப் பொட்டு கண்டால் எங்கள் வீடுகளில் அந்த முட்டையை வெளியே கொட்டிவிடுவார்கள். புது முட்டையிலும் சூலகத்தில் ஒரு நுண்குழாய் வெடித்து அந்தப் பொட்டு வரும், அது அழுகலின் அடையாளமில்லை. என்றாலும் கொட்டிவிடும் வழக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. வட்டிலாப்பத்துக்கு மிகப் புதிய முட்டையைத் தேடி அலையவும் வேண்டியதில்லை, வெள்ளையும் மஞ்சளும் எப்படியும் அடிபட்டு ஒன்றாகிவிடும். மணம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிகப் புதியதை முட்டை அப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தின் குழியில் மஞ்சள் உருண்டையாய் நிற்பதற்குத் தடித்த வெள்ளை வேண்டும்.

பெருநாள் கழிந்து தட்டில் மிஞ்சிய முட்டைகளை அவிக்கலாம். இட்ட மறுநாள் முட்டையை அவித்தால் கோதோடு வெள்ளையும் பிய்ந்து வரும்; வாரம் கடந்ததில் சவ்வின் பிடி தளர்ந்து, கோது இரண்டு இழுப்பில் கழன்றுவிடும்.